சாட்ஸ்வர்த்தில் சுழன்ற பாசிப்பயறு: ஒரு நிகழ்வு ஆய்வு

2025 ஜூலை 12, சனிக்கிழமை. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பள்ளிகளுக்குக் குளிர்கால விடுமுறை. சாட்ஸ்வர்த்தில் நான் நடத்தும் தமிழ் வகுப்புக்கு அன்று ஏழு பிள்ளைகள்தாம் வந்திருந்தார்கள். பாடநூலை மூடிவைத்துவிட்டு, அந்த வாரச் செய்தி ஒன்றைப் பலகையில் எழுதி வாசிக்கச் சொன்னேன். சர்வதேச விண்வெளி நிலையத்தில் இந்திய வீரர் சுபான்ஷு சுக்லா பெட்ரி தட்டுகளில் பாசிப்பயறும் வெந்தயமும் முளைகட்டினார், முளைத்தவற்றை உறைபெட்டியில் எடுத்துவைத்தார் என்பதுதான் செய்தி. வாசித்து முடித்ததும் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி கேட்டாள்: "ஐயா, அங்கே மேல் எது, கீழ் எது என்று பயற்றுக்கு யார் சொல்வார்கள்?"

நாற்பது ஆண்டுகள் பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுத்தவன் நான். இவ்வளவு நேரான கேள்வியை அதிகம் கேட்டதில்லை. வாயால் பதில் சொல்வதைவிடச் செய்தே பார்த்துவிடலாம் என்று முடிவுசெய்தோம். செய்தோம், ஒரு விடை கிடைத்தது, ஒரு வாரம் அதை நம்பினோம், அது தவறு. அந்தத் தவறைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். அதே வகைத் தவறு நிஜ விண்கலங்களிலும் நிகழ்ந்திருக்கிறது, அதை அவிழ்க்கத் தேர்ந்த விஞ்ஞானிகளுக்கே ஆண்டுகள் பிடித்திருக்கின்றன.

இருட்டில் நிமிரும் முளை

அவளுடைய கேள்விக்குப் பாதி விடை எங்கள் ஆயா வீட்டுக் கொல்லையிலேயே இருந்தது. மாரியம்மனுக்கு முளைப்பாரி போடுவதற்காக ஆயா நவதானியத்தை ஊறவைத்து, மண்சட்டியில் எருவோடு தூவி, வெளிச்சம் புகாத அறையில் வைத்துச் சாத்திவிடுவார். யாரும் உள்ளே போகக்கூடாது. திறக்கும் நாளில் பார்த்தால் வெளிர்மஞ்சள் நிறத்தில், சீப்புப் பற்கள்போல, அத்தனை முளையும் நேராக மேலே நிற்கும். செடி வெளிச்சத்தை நோக்கி வளரும் என்று பள்ளியில் படித்திருந்த எனக்கு அது பெரிய புதிர். வெளிச்சமே இல்லாத அறையில் அவற்றுக்கு வழிகாட்டியது எது?

ஈர்ப்புதான். வேர்நுனிக்குள் சில செல்களில் மாவுமணிகள் இருக்கின்றன. சுற்றியிருக்கும் திரவத்தைவிட அவை கனமானவை. ஆகையால் செல்லின் அடித்தளத்தில் போய்ப் படிகின்றன. விதையைப் புரட்டிவைத்தால் மணிகள் புதிய அடித்தளத்துக்குச் சரிகின்றன. எந்தப் பக்கம் படிகின்றனவோ அந்தப் பக்கத்துக்கு ஆக்சின் என்ற வளர்ச்சிச்சாறு கூடுதலாகப் போகிறது. வேரில் ஆக்சின் கூடினால் வளர்ச்சி மட்டுப்படும். கீழ்ப்பக்கம் தாமதிக்க, மேல்பக்கம் நீள, வேர் கீழே வளைகிறது. தண்டில் அதே ஆக்சின் வளர்ச்சியைத் தூண்டும். கீழ்ப்பக்கம் நீண்டு, தண்டு நிமிர்கிறது.

1806இல் இங்கிலாந்தில் தாமஸ் ஆண்ட்ரூ நைட் என்பவர் ஓடும் நீர்ச்சக்கரத்தில் அவரை விதைகளைக் கட்டிச் சுழலவிட்டார். நிமிடத்துக்கு 150 சுற்று. வேர்கள் வெளிப்புறமாகவும் தண்டுகள் மையத்தை நோக்கியும் வளர்ந்தன. விதைக்குத் தெரிவது 'பூமி' அன்று, தன்மீது விழும் விசை மட்டுமே என்பதற்கு இதைவிட எளிய சான்று எனக்குத் தெரியாது.

விழுந்துகொண்டே இருக்கும் ஆய்வுக்கூடம்

விண்வெளி நிலையத்தில் ஈர்ப்பே இல்லை என்று பிள்ளைகள் நினைத்திருந்தார்கள். பெரியவர்களிலும் பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். 400 கிலோமீட்டர் உயரத்தில் பூமியின் ஈர்ப்பு தரையில் இருப்பதில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு இருக்கிறது. நிலையம் மணிக்குச் சுமார் 28,000 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் ஓடியபடியே விழுகிறது. விழும் வளைவும் பூமியின் வளைவும் ஒத்துப்போவதால் தரையைத் தொடுவதில்லை. தொண்ணூறு நிமிடத்துக்கு ஒரு முறை பூமியைச் சுற்றிவிடுகிறது. கலமும் விழுகிறது, தட்டும் விழுகிறது, பயறும் விழுகிறது, பயற்றின் வேர்நுனிக்குள் இருக்கும் மாவுமணியும் விழுகிறது. எல்லாம் ஒரே கதியில் விழும்போது மணிக்குப் படிய அடித்தளம் ஏது?

இந்த நிலையைச் சுழிய ஈர்ப்பு என்று சொல்லாமல் நுண்ணீர்ப்பு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. பம்புகள் ஓடுகின்றன, வீரர்கள் ஓட்டப்பொறியில் பயிற்சி செய்கிறார்கள், சரக்குக் கலம் வந்து இணைகிறது. ஒவ்வொன்றும் ஒரு சிறு உதறலைத் தருகிறது. தரையிலும் இந்த விழும் நிலையை உண்டாக்கலாம், ஆனால் நேரம் போதாது. ஜெர்மனியின் பிரேமன் கோபுரத்தில் 110 மீட்டர் உயரத்திலிருந்து பெட்டியை விழவிட்டால் ஐந்து வினாடிக்கும் குறைவு. வளைந்து ஏறி இறங்கும் விமானத்தில் இருபது வினாடி சொச்சம். ஆய்வு ராக்கெட்டில் சில நிமிடங்கள். பயறு முளைக்க நாட்கள் வேண்டும். அதற்குச் சுற்றுப்பாதைதான் வழி.

தென்னாப்பிரிக்காவில் இருக்கும் எங்களுக்கு இது முற்றிலும் புதிய செய்தி அன்று. 2002 ஏப்ரல் 25 அன்று பைக்கனூர் ஏவுதளத்திலிருந்து சோயுஸ் டிஎம்-34 என்ற ரஷ்யக் கலம் கிளம்பியதை என் வகுப்பு தொலைக்காட்சியில் பார்த்தது. வெல்கமில் பிறந்த மார்க் ஷட்டில்வொர்த் அதில் இருந்தார், வயது 28, விண்வெளிக்குச் சென்ற முதல் தென்னாப்பிரிக்கர். சுமார் இரண்டு கோடி டாலர் கட்டிப் போனதால் 'சுற்றுலாப் பயணி' என்றே பத்திரிகைகள் அழைத்தன. அந்தப் பெயர் அவருக்கு இழைக்கப்பட்ட அநீதி என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். ரஷ்யாவின் ஸ்டார் சிட்டியில் மாதக்கணக்கில் பயிற்சி எடுத்து, நிலையத்தில் இருந்த எட்டு நாளில் எய்ட்ஸ், மரபணு ஆராய்ச்சிகளோடு தொடர்புடைய சோதனைகளில் பங்கேற்றார். எய்ட்ஸ் அப்போது எங்கள் குவாசுலு-நட்டால் மாகாணத்தை வாட்டியெடுத்துக்கொண்டிருந்தது. எந்தத் தெருவிலும் அந்த நோயால் ஆள் இழந்த வீடு இருந்த காலம்.

அவர் கொண்டுசென்ற வேலைகளில் புரதப் படிகம் வளர்ப்பதும் ஒன்று. புரதத்தின் வடிவம் தெரிந்தால்தான் அதற்குப் பொருந்தும் மருந்தை வடிவமைக்க முடியும். வடிவத்தை அறிய எக்ஸ் கதிர் பாய்ச்சுவதற்கு ஒழுங்கான படிகம் வேண்டும். தரையில் படிகம் வளரும்போது அதைச் சுற்றியுள்ள கரைசல் சத்திழந்து லேசாகி மேலே எழும்; புதிய கரைசல் கீழே இறங்கும்; இந்தப் புரளல் படிகத்தைக் கலைக்கும். விழும் கலத்தில் லேசானது எழாது, கனமானது இறங்காது. மூலக்கூறுகள் ஒவ்வொன்றாக ஊர்ந்து வந்து அமைதியாக அடுக்கிக்கொள்ளலாம். 'லேசானது எழாது' என்ற இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். படிகத்துக்கு வரமான அதுவே செடிக்குச் சாபமான கதை இனி வருகிறது.

காலணிப் பெட்டிக்குள்

கலம் இல்லாதவர்களுக்குத் தாவரவியல் ஒரு தந்திரம் வைத்திருக்கிறது. விதையைக் கிடை அச்சில் மெதுவாகச் சுழற்றிக்கொண்டே இருந்தால் மாவுமணிகள் ஒரு பக்கம் படிவதற்குள் அந்தப் பக்கம் மேலே போய்விடும். கிளினோஸ்டாட் என்று இந்தக் கருவிக்குப் பெயர். ஈர்ப்பு அங்கேயேதான் இருக்கிறது; அதன் திசையை மட்டும் விதைக்குத் தெரியவிடாமல் குழப்புகிறோம்.

பழுதாகிப்போன மைக்ரோவேவ் அடுப்பு ஒன்றிலிருந்து, கண்ணாடித் தட்டைச் சுழற்றும் சிறு மோட்டாரைக் கழற்றினேன். நிமிடத்துக்கு ஐந்து சுற்று. (மின் இணைப்பு முழுவதையும் நானே செய்தேன், பிள்ளைகளைத் தொடவிடவில்லை. அந்த மோட்டார் வீட்டு மின்சாரத்தில் ஓடுவது.) பழைய குறுந்தகட்டுப் பெட்டி இரண்டை எடுத்துக்கொண்டோம். எங்கள் ஊர்ப் பங்களாதேஷ் சந்தையில் வாங்கிய பாசிப்பயற்றை இரவு முழுதும் ஊறவைத்து, ஈரத்துணிக்கும் பிளாஸ்டிக் மூடிக்கும் இடையில் ஒன்பது ஒன்பதாக வட்டமாக அழுத்தினோம். ஒரு பெட்டியை மோட்டாரில் பொருத்தினோம். கடிகார முள்போல அது செங்குத்தாகச் சுழன்றது. மற்றதைச் சுவரில் சாய்த்து அசையாமல் நிறுத்தினோம். வெளிச்சம் படாமலிருக்க இரண்டையும் தனித்தனிக் காலணிப் பெட்டிகளால் மூடினோம். நான்கு நாள்.

திறந்தபோது பிள்ளைகள் கைதட்டினார்கள். நிலையான பெட்டியில் அத்தனை வேரும் கீழே பார்த்தன. சுழன்ற பெட்டியில் ஒவ்வொரு வேரும் தான் புறப்பட்ட திசையிலேயே போயிருந்தது. ஒன்று மேலே, ஒன்று இடப்பக்கம், ஒன்று தன் பயற்றையே சுற்றிக்கொண்டு. இதுவரை சரி. அடிக்கோலை வைத்து அளந்தபோதுதான் நாங்கள் வழிதவறினோம். சுழன்ற வேர்கள், நிலையானவற்றைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளம்! ஈர்ப்போடு மல்லுக்கட்ட வேண்டாத வேர் விரைவாக வளர்கிறது என்று நானே விளக்கம் சொன்னேன். பிள்ளைகள் குறிப்பேட்டில் எழுதினார்கள். வேரின் படத்தை நான் உறவினர்களுக்கெல்லாம் அனுப்பினேன்.

அடுத்த சனிக்கிழமை கருவியைப் பிரிக்கும்போது, முதலில் கேள்வி கேட்ட அதே பெண் மோட்டாரின் முதுகில் கைவைத்தாள். "ஐயா, இது சுடுகிறதே."

சமையலறை வெப்பமானியைக் கொண்டுவந்து இரண்டு காலணிப் பெட்டிக்குள்ளும் வைத்துப் பார்த்தோம். மோட்டார் ஓடிய பெட்டிக்குள் நான்கு டிகிரி கூடுதல். டர்பன் குளிர்காலத்தின் இரவில் பாசிப்பயற்றுக்கு நான்கு டிகிரி என்பது சாதாரணமா? வேரை நீளவைத்தது சுழற்சி அன்று, கதகதப்பு. மூடிய அட்டைப்பெட்டிக்குள் நாங்களே ஓர் அடைகாப்பானைச் செய்துவைத்துவிட்டு, அதன் விளைவை ஈர்ப்பின் கணக்கில் எழுதியிருந்தோம்.

அவள் இன்னொன்றும் கண்டாள். சுழன்ற வேர்கள் ஒவ்வொன்றிலும், நுனியிலிருந்து சற்றுத் தள்ளி, சிறு கொக்கிபோல ஒரு வளைவு. வேர்கள் எத்திசையில் போயிருந்தாலும் அந்த வளைவு மட்டும் எல்லாவற்றிலும் பெட்டியின் ஒரே ஓரத்தை நோக்கியிருந்தது. மூன்றாம் நாள் இரவு எங்கள் தெருவில் ஏறத்தாழ மூன்று மணி நேரம் மின்சாரம் இல்லை. மோட்டார் நின்றிருக்கிறது, அந்த மூன்று மணி நேரமும் மாவுமணிகள் ஒரு பக்கமாகப் படிந்திருக்கின்றன, அத்தனை வேரும் ஒருமித்துக் கீழே திரும்பத் தொடங்கியிருக்கின்றன, மின்சாரம் வந்ததும் மறுபடி திசை மறந்துவிட்டன. மின்வெட்டு நடந்ததை வேர்கள் எழுதி வைத்திருந்தன. என் ஆசிரியர் வாழ்க்கையில் கையால் தொட்டுப் பார்த்த மிக அழகான சான்று அதுதான்.

விண்கலங்களில் நிகழ்ந்த அதே தவறு

எங்கள் பிழையின் பெயர் 'ஒப்பீடு சரியில்லை' என்பது. ஈர்ப்பை மட்டும் மாற்றுவதாக நினைத்து வேறொன்றையும் சேர்த்து மாற்றிவிடுகிறோம். விண்வெளியில் இது இன்னும் வஞ்சகமாக நிகழும். ஈர்ப்பு நேரடியாகச் செய்வது கொஞ்சம். காற்றையும் நீரையும் வெப்பத்தையும் அசைத்து மறைமுகமாகச் செய்வது ஏராளம்.

1993 ஜனவரியில் எண்டெவர் விண்ணோடத்தில் அராபிடாப்சிஸ் என்ற சிறு கடுகினச் செடி மூடிய கலன்களில் அனுப்பப்பட்டது. பூக்களில் மகரந்தமும் சூலும் தொடக்கத்திலேயே கருகிவிட்டன. விண்வெளியில் செடி இனம்பெருக்காது என்று தீர்ப்பெழுத அது போதுமானதாகத் தோன்றியிருக்கும். தாவர விஞ்ஞானி மேரி மஸ்கிரேவ் தலைமையிலான குழு அப்படி எழுதவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் டிஸ்கவரி விண்ணோடத்தில் கலனுக்குள் கார்பன் டை ஆக்சைடைக் கூட்டி அனுப்பினார்கள். மகரந்தமும் சூலும் உருவாயின, ஆனால் கருத்தரிப்பு நிகழவில்லை. 1994இல் மறுபடி எண்டெவரில், இந்த முறை கலனுக்குள் காற்று ஓடும்படி செய்து அனுப்பினார்கள். கரு இயல்பாக உருவாயிற்று.

காரணம், முன்பு மனத்தில் வைக்கச் சொன்ன அதே செய்தி. தரையில் இலையைச் சுற்றியுள்ள வெதுவெதுப்பான ஈரக்காற்று லேசாகி எழுந்துபோகும். புதுக்காற்று அந்த இடத்துக்கு வரும். விழும் கலத்தில் எழுவதும் இல்லை, வருவதும் இல்லை. தான் விட்ட மூச்சுக்குள்ளேயே செடி அடைபட்டுக் கிடக்கிறது. செடியைத் தோற்கடித்தது ஈர்ப்பின்மை என்று சொல்வதும் உண்மைதான், ஆனால் சிறு விசிறி ஒன்று அதைத் தீர்த்துவிட்டது என்பது அதைவிடப் பெரிய உண்மை.

ரஷ்யாவின் மிர் விண்வெளி நிலையத்தில் நிகழ்ந்தது இதையும் மிஞ்சியது. 1996இல் அமெரிக்க வீராங்கனை ஷானன் லூசிட் அங்கிருந்த 'ஸ்வெட்' பசுமைக்கூண்டில் குட்டைக் கோதுமை விதைத்தார். ஆண்டின் இறுதியில் அடுத்து வந்த வீரர் ஜான் பிளாஹா அறுத்தார். கதிர்கள் செழித்திருந்தன. பூமிக்குக் கொண்டுவந்து உரித்துப் பார்த்தால் ஒன்றிலும் மணி இல்லை, அத்தனையும் பதர். இம்முறை குற்றவாளி காற்றோட்டமும் அன்று. நிலையத்தின் காற்றில் எத்திலீன் வாயு தேங்கியிருந்தது. நம் ஊர்களில் வாழைத்தாரை மூடிப் புகைமூட்டம் போடுவார்களே, காயைக் கனியவைக்கும் அதே வாயு. அந்தக் கோதுமை வகையைத் தரையில், முழு ஈர்ப்பில், எத்திலீன் கலந்த காற்றில் வளர்த்தபோது அங்கேயும் பதர்தான். பிறகு 'அப்போஜி' என்ற வேறு கோதுமை வகையை 1998-99இல் மிர்ருக்கு அனுப்பினார்கள், மணி பிடித்தது.

இந்தச் செய்திகளைச் சொன்னபோது ஒரு பையன், அப்படியானால் ஈர்ப்பு நேரடியாக எதையுமே செய்வதில்லையா என்றான். செய்கிறது. 1998இல் டிஸ்கவரியில் முளைத்த வெள்ளரி விதைகளை எடுத்துக்கொள்ளுங்கள். தரையில் கிடையாக முளைக்கும் வெள்ளரி, விதையுறையை மிதித்துக் கழற்ற ஒரு பக்கத்தில் மட்டும் சிறு முளையாணி விடும். விண்ணில் இரண்டு பக்கமும் விட்டது. ஆணி விடச் சொல்வது ஈர்ப்பு என்றுதான் அதுவரை எண்ணியிருந்தார்கள். இரண்டு பக்கமும் ஆணி விடுவதே விதையின் இயல்பு, ஒன்றை அடக்கிவைப்பதுதான் ஈர்ப்பின் வேலை என்று தெரிந்தது. இப்படிப்பட்ட முடிவைத் துணிந்து சொல்ல வேண்டுமென்றால் ஒப்பீடு இரும்புபோல் இருக்க வேண்டும். அதனால்தான் உயிரியல் சோதனைகளுக்குக் கலத்துக்குள்ளேயே ஒரு சுழலியை வைக்கிறார்கள்: பாதி மாதிரிகள் மிதந்தபடி, பாதி மாதிரிகள் சுழலியில் பூமியளவு விசையோடு. ராக்கெட்டின் அதிர்வு, கதிர்வீச்சு, கலத்தின் காற்று எல்லாம் இரண்டுக்கும் பொது. வேறுபடுவது ஒன்றே.

இரண்டாம் முறை

எங்கள் சுழலியைக் காலணிப் பெட்டிக்குள் எப்படி அமைப்பது? விடை எளிது, முதலிலேயே தோன்றாதது எனக்கு இன்னும் வருத்தம். இன்னொரு அதேவகை மோட்டாரை வாங்கி அதை நிமிர்த்தி வைத்தோம். அதன்மேல் குறுந்தகட்டுப் பெட்டி பம்பரம்போல நின்ற வாக்கில் சுழன்றது. அதே சுழற்சி, அதே சூடு, ஆனால் கீழ் என்பது எப்போதும் கீழேதான். மூன்றாவது பெட்டி அசையாமல் நின்றாலும், அதன் முதுகிலும் ஓடும் மோட்டார் ஒன்றைச் சும்மா ஒட்டினோம். காலணிப் பெட்டிகளின் மூடியில் பென்சிலால் துளைகள் இட்டோம். காலையும் மாலையும் வெப்பம் குறிக்கும் பொறுப்பைப் பிள்ளைகள் முறைவைத்து ஏற்றார்கள். மின்சாரம் போனால் மணி பார்த்து எழுதுவது என் பொறுப்பு.

நான்கு நாளில் மூன்று பெட்டியையும் அருகருகே வைத்துத் திறந்தோம். நீளத்தில் எங்கள் அடிக்கோலுக்குப் பிடிபடும் வேறுபாடு இல்லை. பம்பரப் பெட்டியிலும் நிலையான பெட்டியிலும் வேர்கள் கீழே. கடிகாரப் பெட்டியில் மட்டும் திசைக்கு ஒன்றாக. முதல் முறை எழுதிய "ஈர்ப்பு இல்லாவிட்டால் வேர் விரைவாக வளரும்" என்ற வரியை அடித்துவிட்டு, "திசை மாறும், நீளம் மாறியதாக எங்களால் சொல்ல முடியாது" என்று எழுதச் சொன்னேன். ஒருவன் மட்டும் முதல் வரிதான் நன்றாக இருந்தது என்று முகம் சுளித்தான். அவன் சொன்னதும் உண்மைதான். நன்றாக இருக்கும் வரியைக் கைவிடுவதில் உள்ள வலி எல்லா ஆய்வுக்கூடத்திலும் உண்டு.

எங்கள் கருவிக்கும் எல்லை இருக்கிறது, அதையும் குறிப்பேட்டில் சேர்த்தோம். சுழலும் பெட்டியின் விளிம்பில் வெளியே தள்ளும் விசை கொஞ்சம் உண்டு. நான்கு சென்டிமீட்டர் ஆரத்துக்குக் கணக்கிட்டால் பூமி ஈர்ப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மேலும், துணியின் ஈரம் எங்கள் பெட்டியில் ஊறி இறங்கத்தான் செய்தது. விண்ணில் நீர் இறங்காது, வேரைப் போர்வைபோலச் சுற்றி ஒட்டிக்கொள்ளும், சில சமயம் மூச்சடைக்க வைக்கும். லேசான காற்று எழுவதையும் எங்களால் தடுக்க முடியாது. கிளினோஸ்டாட் மாவுமணியை மட்டும்தான் ஏமாற்றுகிறது, காற்றையும் நீரையும் ஏமாற்றாது. மஸ்கிரேவ் குழு கண்டதை எங்கள் காலணிப் பெட்டியில் எத்தனை ஆண்டு சுழற்றினாலும் காண முடியாது. அதற்குக் கலம் ஏறித்தான் ஆக வேண்டும்.

ஏறியிருக்கிறார்கள். 2024 டிசம்பர் 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய பிஎஸ்எல்வி-சி60 ராக்கெட்டின் கடைசிக் கட்டத்தில் ஒரு மூடிய பெட்டிக்குள் எட்டுக் காராமணி விதைகள் இருந்தன. ஆளில்லாமலே நான்கு நாளில் முளைத்தன, பிறகு இலையும் விட்டன. சுக்லாவின் பயறும் வெந்தயமும் கர்நாடகத்தின் தார்வாடிலிருந்து, அங்குள்ள வேளாண் பல்கலைக்கழகமும் ஐஐடியும் சேர்ந்து அனுப்பியவை. ஜூலை 15 அன்று அவருடைய டிராகன் கலம் கலிஃபோர்னியா கரைக்கு அப்பால் கடலில் இறங்கியது. வேர் எந்தப் பக்கம் போயிற்று என்பதோடு அந்தச் சோதனை நிற்பதில்லை. மரபணுக்களும் சத்தும் முளைமேல் வாழும் நுண்ணுயிர்களும் என்ன ஆயின, அடுத்தடுத்த தலைமுறைச் செடிகளில் ஏதாவது தங்குமா என்று தரையில் முளைத்த இணைகளோடு வைத்துப் பார்ப்பதே அதன் நோக்கம்.

எங்கள் வகுப்பில் அடுத்து வெந்தயம். பிள்ளைகளே கேட்டு வாங்கிக்கொண்டது இது. மின்வெட்டு வந்தாலும் மோட்டார் நிற்காமலிருக்க மின்கலம் ஒன்றைச் சேர்த்திருக்கிறேன். ஆனால் அந்தப் பெண் நாலாவதாக ஒரு பெட்டி வைக்க வேண்டும் என்கிறாள்: அதை ஒவ்வொரு நாளும் வேண்டுமென்றே ஒரு மணி நேரம் நிறுத்திவைத்து, வேரில் எத்தனை கொக்கி விழுகிறது என்று எண்ண வேண்டுமாம். இன்று மாலை வெந்தயத்தை ஊறவைத்தாயிற்று.